நுரை வராததற்குத் தண்ணீரும் காரணம்

"விலை கூடின ஷேவிங் சோப்தான் நிறைய நாள் உழைக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள், என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் சென்னை வேளச்சேரியில் இருக்கிறேன், எங்கள் போர் தண்ணீர் அப்படி ஒரு உப்பு. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரைக்குப் பதில் வெள்ளைத் திரிதிரியாகப் படியும், நாமும் நுரை வரவில்லையே என்று பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டே இருப்போம், சோப் அங்கேதான் கரைந்து போகிறது. ஒரு கிண்ணம் கேன் தண்ணீரில் குழைத்துப் பாருங்கள், அதே சோப்பில் பாதி போதும்.

வாங்கும்போது பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படிப்பேன். ஸ்டியரிக் ஆசிட் என்ற கொழுப்பு அமிலம் முதல் வரிசையிலேயே இருந்தால் நுரை கெட்டியாக நிற்கும். பொட்டாசியம் சோப் சீக்கிரம் நுரைக்கும், ஆனால் மிருதுவானது. சோடியம் சோப் கெட்டி, மெதுவாகத்தான் கரையும். இரண்டும் கலந்ததுதான் எனக்கு ஒத்துவருகிறது. வாசனைக்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன்.

அப்புறம், ஈரத்தோடு மூடி போட்டு பாத்ரூமில் வைக்காதீர்கள், நம்ம ஊர் புழுக்கத்தில் காயவே காயாது, கூழாகிவிடும். நான் ஜன்னல் ஓரம் திறந்து வைத்துக் காய்ந்த பிறகுதான் மூடுகிறேன். விலையை மட்டும் பார்க்காமல், ஒரு சோப்பில் எத்தனை ஷேவ் வருகிறது என்று எண்ணி, விலையை அதால் வகுத்துப் பாருங்கள்.