வக்கீலிடம் சொன்னால் ரகசியம், டாக்டரிடம் சொன்னால் சாட்சியம்

நோயாளி தன்னிடம் சொன்னதைக் கோர்ட்டில் சொல்ல வேண்டுமா என்ற விவாத வீடியோ ஒன்றைப் பார்த்தேன். சாட்சி சொல்லத் தயங்கிய மனநல ஆலோசகரைப் பற்றி “மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமென்ன” என்று சிரித்தது யார்? ஒரு வக்கீல். தன் கட்சிக்காரர் பேசியதைச் சொல்லச் சொன்னால் மட்டும் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிற வக்கீல்.

காட்டட்டும், தப்பே இல்லை. 1872 சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132. கட்சிக்காரர் சம்மதிக்காமல் வக்கீல் வாய் திறக்கக் கூடாது. டாக்டருக்கு அப்படி ஒரு பிரிவு உண்டா? கிடையாது. நோயாளி சொன்னதை வெளியே விடாதே, ஆனால் நீதிபதி உத்தரவிட்டால் சொல்லிவிடு, இதுதான் மருத்துவர்களுக்கான விதி. 1776இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் சீமாட்டியின் இரண்டாம் கல்யாண வழக்கில் நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு ஓர் அறுவை மருத்துவரிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். சபாஷ், நல்ல முன்னேற்றம்.

எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் விவாகரத்து வழக்கில் மருத்துவக் கோப்பு கோர்ட்டுக்கு வந்தது. “தூக்கமில்லை, அழுகிறார், செத்துவிடலாம் போலிருக்கிறது என்கிறார்.” எதிர்த்தரப்பு வக்கீல் இதை நிறுத்தி நிறுத்திப் படித்தார், கடைசி வரியை இரண்டு முறை. பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவள் என்று காட்ட வேண்டுமாம். அதற்கப்புறம் அவள் எந்த டாக்டரிடமும் தூக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

“அப்போ உண்மை வெளியே வர வேண்டாமா?” என்பீர்கள். அவள் வாயே திறக்காமல் இருந்திருந்தால் கோப்பில் என்ன உண்மை இருந்திருக்கும்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் இதைத்தான் கேட்டது. ஒரு போலீஸ் அதிகாரி மனநல ஆலோசனைக்குப் போன இடத்தில் பேசியது சாட்சியமாக வேண்டியதில்லை என்று 9 பேரில் 7 நீதிபதிகள் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டவர் டாக்டர்கூட இல்லை, உரிமம் பெற்ற சமூகப் பணியாளர்.

குற்றவாளி ஒளிந்துகொள்வான் என்கிறீர்களா? குற்றம் செய்வதற்காகப் பேசியதற்கு வக்கீலுக்கே பாதுகாப்பு கிடையாது, அதே விலக்கை இங்கேயும் வையுங்கள். சாட்சி சொல்வதிலிருந்து ஆளாளுக்கு விலக்கு கேட்டால் கூண்டில் ஏற யார் மிச்சம் என்றும் கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி, சரி. ஆனால் அந்தக் கேள்வி வக்கீல் விஷயத்தில் மட்டும் ஏன் வருவதில்லை?

புருஷன் பெண்டாட்டிப் பேச்சுக்காவது பாதுகாப்பு இருந்தது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பதிவு செய்த பேச்சும் விவாகரத்து வழக்கில் செல்லும் என்று 2025 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டிலும் பேசாதே, டாக்டரிடமும் பேசாதே. பேச வேண்டுமென்றால் ஃபீஸ் கட்டி வக்கீலிடம் போய் அழு, அப்படித்தானே?

வக்கீல் நண்பர்கள் வந்து “உணர்ச்சிவசப்படாதீங்க” என்று எழுதுவீர்கள், தெரியும். நான் உங்கள் 132ஐப் பிடுங்கச் சொல்லவில்லை. பக்கத்திலேயே நோயாளிக்கும் ஒரு பிரிவு கேட்கிறேன், அதற்குத்தான் அன்றைக்கு அத்தனை சிரிப்பு.