ஏடிபி தனக்குத்தானே மார்க் போட்டுக்குதா?

ஏடிபி, அதான் ஆசிய வளர்ச்சி வங்கி, நாடுகளுக்குப் போடற திட்டத்தையும் தண்ணி புராஜெக்ட்டையும் கடன் குடுத்த அதிகாரிங்களே மதிப்பிட்டு முடிச்சிடறாங்கன்னு ஒருத்தர் போட்டிருக்காங்க. பாதி சரிதாங்க. புராஜெக்ட் முடிஞ்சதும் முதல் அறிக்கைய அந்த டீம்தான் எழுதுது. ஆனா அதோட நிக்கல, சுயாதீன மதிப்பீட்டுத் துறைன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது 2004லேர்ந்து (அப்ப பேரு வேற) வங்கி நிர்வாகத்துக்குக் கீழ இல்லாம இயக்குநர் குழுவுக்குத்தான் பதில் சொல்லுது.

நம்பலைன்னா நீங்களே பாக்கலாம். ஏடிபி தளத்துல மதிப்பீட்டுப் பக்கம் போய் நாடு, தண்ணி துறைன்னு தேர்ந்தெடுங்க, ஏதாவது ஒரு புராஜெக்ட்டுக்கு டீம் எழுதின நிறைவு அறிக்கையையும் அத இந்தத் துறை சரிபாத்து எழுதின சரிபார்ப்பு அறிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. டீம் 'வெற்றி'ன்னு போட்டத இந்தத் துறை ஒரு படி இறக்கினதும் சிலதுல இருக்கும். தண்ணி புராஜெக்ட்ல அடிக்கடி மாட்டறது நீடிச்சு நிக்குமாங்கற கேள்விலதான், குழாய் போட்டாச்சு சரி, ஆனா பராமரிப்புக்குக் காசு வருதா? நாட்டுத் திட்ட மதிப்பீடா இருந்தா, கூடவே வங்கி நிர்வாகத்தோட பதிலும் இருக்கும், அதையும் விடாதீங்க, சண்ட அங்கதான் தெரியும்.