ஒரே புட்டியில் இரண்டு வாக்குறுதிகள்

சித்திக்கு ஒன்பது ஆண்டுகளாக முடக்குவாதம். காலையில் எழுந்து விரல்களை மடக்கவே அரை மணி நேரம் ஆகிவிடும். அதற்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் பார்க்கப் போனபோது தலைமாட்டில் ஒரு மூலிகை மாத்திரைப் புட்டி இருந்தது. யாரோ அன்போடு வாங்கிக் கொடுத்தது. "நீயே படித்துப் பார், நல்லதாகத்தான் போட்டிருக்கிறது" என்று நீட்டினார். முதல் வரி: அழற்சியைத் தணிக்கும். அடுத்த வரி: நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்.

அழற்சியே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலைதானே? முள் தைத்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி வலிக்கிறதென்றால் வெள்ளையணுக்கள் அங்கே வந்து சேர்ந்துவிட்டன என்று பொருள். சித்தியின் மூட்டுகளில் நடப்பதும் அதுதான். முள் மட்டும் இல்லை. அவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துபோகவில்லை. அது ஆள் தெரியாமல் சொந்த மூட்டுச் சவ்வையே தாக்கிக்கொண்டிருக்கிறது. அதை அடக்கத்தான் மருத்துவர் மாத்திரை தருகிறார். அதைப் போய்ப் பெருக்குவதா?

மூலிகையில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கிடைக்கும் கோல்சிசின், கீல்வாதத்தில் கால் பெருவிரலை நோக்கி விரையும் வெள்ளையணுக்களை முடக்கி வலியைத் தணிக்கிறது. அளவு சற்று மீறினால் அதே கோல்சிசின் உயிரைக் குடித்துவிடும். இவ்வளவு வீரியம் உள்ள பொருள்களை "இயற்கை, பக்கவிளைவு இல்லை" என்று விற்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் புட்டியில் இருந்தவை மூன்று: மஞ்சள், மிளகு, சீந்தில். மூன்றும் செறிவூட்டிய சாறுகள். மஞ்சளின் முக்கிய வேதிப்பொருளான குர்குமின், மஞ்சள்தூளில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். 95 சதவீதச் சாறு 500 மில்லிகிராம் என்றால், ஒரே மாத்திரையில் சுமார் 16 கிராம் மஞ்சள்தூளின் குர்குமின் இறங்குகிறது. சமையலில் காலங்காலமாகச் சேர்க்கிறோமே என்ற சமாதானம் இந்த அளவுக்குப் பொருந்தாது. குர்குமின் ரத்தத்தில் எளிதில் சேராது; அதற்காகத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது உடலில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. ஆனால் பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் வழிவிடுவதில்லை. வேறு சில மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் அது தடுக்கிறது. அவற்றின் அளவும் ரத்தத்தில் ஏறிவிடும். மஞ்சள் சாற்று மாத்திரையாலும் சீந்திலாலும் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவோருக்கு ஏற்கெனவே கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"டாக்டரிடம் சொன்னீர்களா சித்தி?" என்று கேட்டேன். "திட்டுவார்" என்றார். எனக்கு மனம் கனத்துவிட்டது. வலி தாங்காமல் ஒருவர் எதையாவது தேடிப் போகிறார். அதைச் சொல்லக்கூட அஞ்சுகிறார். மருத்துவர்களே, தயவுசெய்து முகம் சுளிக்காமல் கேளுங்கள். "வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும், பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள்.

புட்டியில் இருந்த பெயர்களையும் அளவுகளையும் அவருடைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நானும் கூடப் போகிறேன்.