வாசலில் கார் நிறுத்தக் கூடாத மோட்டார் கோர்ட்

அந்த ப்ளைமவுத் காரை யாராவது இழுத்துக்கொண்டு போய் ஏதாவது பள்ளத்தில் தள்ளிவிட்டால் புண்ணியமாகப் போகும்.

மேற்கு நியூ மெக்சிகோவில், பழைய ரூட் 66 சாலையோரம், புதுப்பித்துத் திறந்த மோட்டார் கோர்ட் ஒன்றில், அதாவது அறை வாசலிலேயே காரை நிறுத்தித் தங்கும் அந்தக் காலத்துச் சாலையோர விடுதியில், ஒரே ஒரு ராத்திரி தங்கினோம். ஒரு மாதம் ஆகிறது, வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஊர் பெயரையும் விடுதி பெயரையும் சொல்லப் போவதில்லை. பெயர் போட்டால் அதையும் விளம்பரமாக்கிக்கொள்ளும் ஆட்கள் அவர்கள்.

டாலஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குப் பயணம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள், நான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, அமரில்லோ தாண்டி, ஐ-40 சாலையில் நாள் முழுக்க ஓட்டினேன். ஹைவே எக்ஸிட்டிலேயே ஒரு செயின் ஹோட்டலில் 89 டாலருக்குக் காலைச் சாப்பாட்டோடு அறை இருந்தது. மனைவி அதைத்தான் போடச் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. நியான் விளக்கு, ஒரு வரிசை அறைகள், வாசலில் கார் என்று இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பார்த்து எனக்குப் பித்துப் பிடித்திருந்தது. 169 டாலர். அதற்கு மேல் வரி. அதற்கும் மேல் 'பாரம்பரியப் பாதுகாப்புக் கட்டணம்' 12 டாலர். இரண்டு பேருக்கு மேல் தலைக்கு 15 டாலர். சரி, வாழ்க்கையில் ஒரு தடவை என்று கார்டைத் தட்டினேன்.

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பொய் சொல்லக் கூடாது, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மண் நிறச் சுவர், பச்சைக் கதவுகள், மேலே செம்மஞ்சளும் நீலமுமாக நியான் பலகை. காரை எங்கள் அறை வாசலுக்கு ஓட்டினால், அங்கே ஏற்கெனவே ஒரு கார் நிற்கிறது. 1950களின் ப்ளைமவுத். நாலு டயரிலும் காற்றில்லை. பக்கத்து அறை வாசலில் ஒரு பழைய பிக்கப் டிரக். அதற்கடுத்த வாசலில் துருப்பிடித்த பெட்ரோல் பம்ப். அலுவலகம் ஏழு மணிக்கே பூட்டிவிட்டதாம். கதவில் என் பெயர் எழுதி ஒரு கவர். உள்ளே சாவி, ஒரு துண்டுச் சீட்டு: 'முன்பக்கத் தோற்றம் கெடாமல் இருக்க, வாகனங்களைத் தயவுசெய்து பின்புறத் திடலில் நிறுத்தவும்.'

மோட்டார் கோர்ட் என்றால் என்னவென்று இவர்களுக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் காரில் வெளியூர் போனவர்கள் ராத்திரி தங்க டவுனுக்குள் இருக்கும் பெரிய ஓட்டலுக்குத்தான் போக வேண்டும். தூசியும் வியர்வையுமாக வரவேற்பறையைக் கடந்து, பெட்டி தூக்குகிறவனுக்கு டிப்ஸ் கொடுத்து, காரை எங்கோ ஒரு கொட்டகையில் விட்டு வர வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் சாலையோரத்தில் இந்தச் சின்ன அறை வரிசைகள் முளைத்தன. மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டி 'மோட்டல்' என்று பெயர் வைத்த முதல் விடுதி 1925இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் திறந்தது. அடுத்த வருஷம் 1926இல் ரூட் 66 வந்தது. சிகாகோவிலிருந்து சான்டா மோனிகா வரை சுமார் 2,400 மைல், வழி நெடுக இதே ஏற்பாடுதான். வண்டியை வாசலில் நிறுத்து, கதவைத் திற, படு. எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர், குற்றவாளிகளெல்லாம் இந்த இடங்களில்தான் பதுங்குகிறார்கள் என்று 1940இல் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். கொள்ளைக்காரனுக்குக் கூட வாசலில் கார் நிறுத்தக் கொடுத்துவைத்திருக்கிறது. முட்டிவலிக்காரியான என் அம்மாவுக்குக் கிடையாது.

பின்புறத் திடல் முழுக்கச் சரளைக் கல். விளக்கு இல்லை. சூட்கேஸ் சக்கரம் சரளையில் உருளுமா? இரண்டு பெட்டியையும் தலையில் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போக, அம்மா பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தார். ப்ளைமவுத் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"ஏன் தம்பி, இந்தக் காரு ரிப்பேரா? எடுக்கச் சொல்லேன்."

"இல்லம்மா, அது அழகுக்கு நிக்குது."

"ஓடாத காரை வாசல்ல நிறுத்திட்டு, ஓடுற காரைக் கொல்லையில நிறுத்தச் சொல்றானா?"

இதற்கு மேல் நான் என்ன எழுத?

இருந்தாலும் எழுதுகிறேன், அறைக்குள் நடந்ததையும் சொல்லாமல் விட மாட்டேன். ஒரே ஒரு டபுள் கட்டில். அம்மாவுக்கும் மகளுக்கும் மடக்குக் கட்டில் ஒன்று. அதை விரித்தால் குளியலறைக் கதவு பாதிதான் திறக்கிறது. நாலு பேர், நாலு போன், ஒரு பிளக் பாயின்ட். அதுவும் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், சுவரோடு சுவராக. கட்டிலை நகர்த்தித்தான் சார்ஜரைச் செருகினேன். செருகியதும் மேஜை விளக்கு அணைந்தது, ஏனென்றால் நான் பிடுங்கியது அதன் ஒயரை. மூலையில் உருண்டையாக, இளம்பச்சையில் ஓர் அழகான ஃப்ரிட்ஜ். அம்மாவின் இன்சுலினை வைக்கலாம் என்று திறந்தால் உள்ளே பழைய பத்திரிகைகள் அடுக்கியிருக்கின்றன. மேஜைமேல் வட்டு சுழற்றும் கறுப்பு டெலிபோன். எடுத்தால் சத்தமே இல்லை, அதுவும் பொம்மை. மொபைலிலோ சிக்னல் இல்லை. அலுவலகம் பூட்டி. அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? ப்ளைமவுத்தையா?

ஃப்ரிட்ஜ் தேடி நான் இருட்டில் அலைந்து, எதிரே இருந்த பெட்ரோல் பங்கில் ஒரு பை ஐஸ் வாங்கி வந்தேன். ஐஸ் வாளியில் இன்சுலினை வைத்துவிட்டால் குளியலறையில் மக்குக்கு என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. அமெரிக்க விடுதிகளில் நம் ஆட்களின் அந்தரங்க நண்பன் அந்த ஐஸ் வாளிதான், விளக்கம் தேவையில்லை. கடைசியில் ஒரு காபிக் குவளை தியாகம் செய்தது. ஷவரில் வெந்நீர் வர ஒன்பது நிமிடம் ஆனது, கடிகாரம் பார்த்தேன். பக்கத்து அறையில் யாரோ ஃப்ளஷ் பண்ணினால் இங்கே கொதிநீர். சுவரில் மட்டும் அசல் 1940களின் இளஞ்சிவப்பு ஓடு, ஒன்று கூட விரிசல் இல்லை. ஓட்டுக்குப் பின்னால் ஓடும் குழாயும் அசலேதான் போலிருக்கிறது.

சும்மா குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், நான் கேட்பது ஒன்றுதான். புதுப்பித்தல் என்று இவர்கள் எதைப் புதுப்பித்தார்கள்? அந்தக் காலத்து மோட்டார் கோர்ட்காரன் ஒருவன் கூடப் பழமையை விற்கவில்லை. மிசூரியில் கார்த்தேஜ் ஊரில் 1939இல் கட்டிய பூட்ஸ் கோர்ட், 'ஒவ்வோர் அறையிலும் ரேடியோ' என்று மார்தட்டியது. நியூ மெக்சிகோவில் டுக்கும்காரி ஊரின் ப்ளூ ஸ்வாலோ மோட்டல் பலகையில் 'நூறு சதவீதம் குளிரூட்டிய காற்று' என்று நியானில் எழுதியிருக்கிறது. இரண்டிலும் நான் தங்கியதில்லை, பெயர் பெற்ற இடங்கள் என்பதால் சொல்கிறேன். அன்றைக்கு எது புதுசோ, எது சொகுசோ, அதைத்தான் அவர்கள் விற்றார்கள். 1958இல் கால் டாலர் போட்டால் பதினைந்து நிமிடம் அதிரும் கட்டில் கூட வந்தது. அபத்தம்தான், ஆனாலும் வாடிக்கையாளனின் முதுகுவலிமேல் ஒரு அக்கறை அதில் இருந்தது. அந்தக் காலத்து மோட்டார் கோர்ட்காரன் இன்றைக்கு உயிரோடு வந்தால் முதல் வேலையாக எட்டு பிளக் பாயின்ட் வைப்பான், அதை நியானில் எழுதியும் போடுவான். இவர்களோ அவனுடைய பலகையைத் துடைத்து மாட்டிவிட்டு, அவன் எதை விற்றானோ அதைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

பலகை என்றதும் அந்த நியான். ரூட் 66ஐக் காப்பாற்ற 1999இல் தனிச் சட்டம் போட்டு, தேசியப் பூங்காத் துறை வழியாக மானியம் கொடுத்தார்கள். அணைந்து கிடந்த நியான் பலகைகள் சில அப்படித்தான் மறுபடி எரிகின்றன. நல்ல விஷயம். ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு ரொம்ப நல்ல விஷயம். அதற்குப் பத்தடி கீழே படுத்திருப்பவனுக்கு? திரைச்சீலைக்குப் பதில் பழங்காலத்து உலோக பிளைண்ட்ஸ், அதில் நடுவே இரண்டு பட்டை இல்லை. ராத்திரி முழுக்கக் கூரை செம்மஞ்சளாகிறது, நீலமாகிறது, செம்மஞ்சளாகிறது. கூடவே 'ஞ்ங்ங்' என்று தேனீக் கூட்டம் போல ஓர் இரைச்சல். ஜன்னல் ஏசி ஓடும்போது அது கேட்காது. ஏசி நின்றால்தான் கேட்கும். ஏசி ஓடினால் ஏசியே போதும்.

அப்புறம் ரயில். இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் ரயில் பாதையை ஒட்டி வளர்ந்தவை, சாலையும் அதே தடத்தில் போகிறது. லெவல் கிராசிங் வந்தால் இஞ்சின் ஊத வேண்டும் என்பது சட்டம். நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று, மறுபடி நீளமாக ஒன்று. 96 டெசிபலுக்குக் குறையக் கூடாது. ரயில்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அது உயிர் காக்கிற சத்தம். ஆனால் முன்பதிவுப் பக்கத்தில் நாற்பது படம் போட்டவர்களுக்கு, பின்னால் தண்டவாளம் இருக்கிறது என்று ஒரு வரி எழுத முடியாதா? பதினோரு ரயில் வரை எண்ணினேன். ஏழாவது ரயிலுக்கு மகள் எழுந்து உட்கார்ந்து, "அப்பா, செயின் ஹோட்டல்னா என்னப்பா?" என்று கேட்டாள். மனைவி இருட்டில் சிரித்தது எனக்குக் கேட்டது.

தூக்கம் வராமல் சுவரில் மாட்டியிருந்த போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த கார், வெள்ளைக்காரக் குடும்பம், 'பொற்காலத்துக்குத் திரும்புங்கள்' என்ற வாசகம். யாருடைய பொற்காலம்? அந்தக் காலத்தில் கறுப்பினக் குடும்பம் ஒன்று இந்தச் சாலையில் போனால் பல விடுதிகளில் அறை கிடையாது. எங்கே தங்கலாம் என்று பார்த்துக்கொள்ள விக்டர் கிரீன் என்பவர் 1936 முதல் கையேடு போட வேண்டியிருந்தது. நாங்கள் நாலு பேர் 1950இல் வந்து கதவைத் தட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

விடிய ஐந்தே முக்காலுக்குக் கண் அயர்ந்தது. ஆறேகாலுக்கு ஜன்னலுக்கு வெளியே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் வழிப்போக்கர்கள் இரண்டு பேர் ட்ரைபாட் வைத்து ப்ளைமவுத்தைப் படம் எடுக்கிறார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்து, கொஞ்சம் பிளைண்ட்ஸை மூடச் சொல்லிச் சைகை காட்டினார். 169 டாலர் கொடுத்த நான் அவருடைய ஃபிரேமில் குறுக்கே நிற்கிறேனாம்.

எட்டு மணிக்கு அலுவலகம் திறந்ததும் போய்ச் சொன்னேன். பிளக், ஃப்ரிட்ஜ், வெந்நீர், பிளைண்ட்ஸ், சரளைக் கல், எல்லாவற்றையும். அந்த அம்மணி சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம்தான் இந்த இடத்தோட சார்ம்." இந்த 'சார்ம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் எதை வேண்டுமானாலும் விற்பார்கள். ஒழுகினால் சார்ம். இடித்தால் சார்ம். இருட்டில் தடுக்கி விழுந்து அம்மாவுக்குக் கால் முறிந்திருந்தால் அதுவும் ஒரு சார்மாகத்தான் இருந்திருக்கும். பழைய கட்டடத்தைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, தெரியும். அப்படியென்றால் 'பார்க்க மட்டும்' என்று டிக்கெட் போடுங்கள். ஐந்து டாலர் கொடுத்துப் பார்த்துவிட்டு 89 டாலர் அறையில் போய்த் தூங்கியிருப்பேன்.

எனக்கு முன்னால் இதே வழியில் குமுறிய ஒருவர் உண்டு. மெம்பிஸைச் சேர்ந்த கெம்மன்ஸ் வில்சன், 1951இல் ஐந்து குழந்தைகளோடு வாஷிங்டனுக்குக் கார் பயணம் போனார். மோட்டல்களில் குழந்தைக்குத் தலா இரண்டு டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். கோபத்தோடு ஊர் திரும்பி, 1952இல் தானே ஒரு விடுதி கட்டினார். அதுதான் ஹாலிடே இன். செயின் ஹோட்டல்களும், ரூட் 66க்குப் பதிலாக வந்த ஐ-40 போன்ற புது ஹைவேயும் சேர்ந்துதான் பழைய மோட்டார் கோர்ட்டுகளைக் கொன்றன என்று எல்லோரும் ஒப்பாரி வைக்கிறார்கள். அந்தத் தலைக்கு 15 டாலரைக் கொடுத்தபோது எனக்கு வில்சன்மேல் துளியும் கோபம் வரவில்லை.

திரும்பி வரும்போது வேறொரு ஊரில், ஒரு குஜராத்திக் குடும்பம் நடத்தும் சாதாரண மோட்டலில் தங்கினோம். புது ஹைவே வந்து இந்தச் சாலை படுத்துப்போன காலத்தில், யாரும் சீண்டாத மோட்டல்களை வாங்கிக் குடும்பமே மாடாக உழைத்து உயிரோடு வைத்திருந்தது இவர்களைப் போன்றவர்கள்தான். 'அமெரிக்கர் நடத்தும் விடுதி' என்று எதிர்க்கடைக்காரன் பலகை மாட்டி இவர்களை மட்டம் தட்டியதெல்லாம் பழைய கதை. 64 டாலர். நியான் இல்லை, போஸ்டர் இல்லை. காரை வாசலில் நிறுத்தினேன், அம்மா மூன்றே எட்டில் கட்டிலுக்குப் போய்விட்டார். குளியலறையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் மக் இருந்தது.

சாவிக் கதை ஒன்று பாக்கி. அந்த மோட்டார் கோர்ட் சாவியில் வைர வடிவத்தில் ஒரு பச்சைத் தகடு. அதில், 'மறந்து எடுத்துச் சென்றால் எந்தத் தபால் பெட்டியிலும் போடலாம், தபால் செலவு எங்களுடையது' என்று முகவரியோடு அச்சடித்திருந்தது. பழைய மோட்டல் சாவிகளில் இருந்த வாசகம்தான் அது. நான் நிஜமாகவே மறந்து எடுத்துவந்துவிட்டேன். ஃப்ளாக்ஸ்டாஃபில் பாக்கெட்டில் தட்டுப்பட்டதும், பரவாயில்லையே, இந்த ஒன்றையாவது உருப்படியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே என்று நீலத் தபால் பெட்டியில் போட்டேன். போன வாரம் கார்டில் 40 டாலர் பிடித்திருக்கிறார்கள், சாவி தொலைந்ததற்கு. போன் பண்ணினேன். அதே அம்மணி. தபால்காரர் கொண்டுவந்தாராம், தபால் செலவு கட்டச் சொன்னாராம், இவர்கள் வாங்கவில்லையாம்.

"சார், அந்தத் தகட்டில் இருப்பது சும்மா அலங்காரத்துக்கு."