மீதி 38 எங்கே போச்சு?

ஆடி மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்காலம். போன ஞாயிறு சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். குளிருக்கு இதமாக இருந்ததால் வெட்கப்படாமல் இரண்டாவது தடவையும் வரிசையில் போய் நின்றேன். அகப்பையும் கையுமாக நின்ற தாத்தா என்னைப் பார்த்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். எழுபதைத் தாண்டியவர். இந்த ஊரில் நான் வாய் நிறையத் தமிழ் பேசக் கிடைக்கிற வெகு சிலரில் ஒருவர்.

"டீச்சரம்மா, ஒரு நியாயம் கேக்கணும். எங்க பேரன் மெட்ரிக்கில அஞ்சு பாடத்தில ஏ வாங்குனவன். ஒங்க சைக்காலஜியில 62 போட்டிருக்காங்க. மீதி 38 எங்கே போச்சு?"

பின்னால் வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டிருந்தது. அந்தப் பையன் என் குழுவில் இல்லை. இருந்திருந்தாலும் அவன் மார்க்கைப் பற்றி அவன் தாத்தாவிடம் நான் பேசக் கூடாது. "கூழ ஊத்துங்க தாத்தா, ஆறிடப் போவுது" என்று சொல்லி நழுவிவிட்டேன். ஆனால் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

என்னைத் தெரியாதவர்களுக்கு: மதுரையில் படித்தேன், கல்யாணமாகி இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. ஒரு கல்லூரியில் முதலாண்டு உளவியலுக்கு டியூட்டர். கல்லூரியின் பெயர் வேண்டாம். பேராசிரியர் பெரிய அரங்கத்தில் பாடம் நடத்துவார். நான் முப்பது முப்பது பேராகப் பிரித்த டுடோரியல் வகுப்பை எடுப்பேன், அவர்கள் கட்டுரைகளைத் திருத்துவேன். மார்க் போடுகிற கை என்னுடையது, திட்டும் எனக்குத்தான்.

தாத்தாவின் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நூறிலிருந்து 62 போனால் 38 தான். சிக்கல், அளக்கிற கோல் நடுவழியில் மாறிவிட்டது. மெட்ரிக்கில், அதாவது இங்கத்திய பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில், 80 வாங்கினால் ஏ. அதே மெட்ரிக்கில் தாய்மொழியில் 40, இன்னும் இரண்டு பாடங்களில் 40, மூன்று பாடங்களில் வெறும் 30 வாங்கினாலும் பாஸ். ஒவ்வொரு ஜனவரியிலும் ரிசல்ட் வந்ததும் இந்த 30-ஐ வைத்து நாடே சண்டை போடும். பட்டப்படிப்புக்குப் போக வேண்டுமானால் நான்கு பாடங்களிலாவது 50 வேண்டும். கல்லூரிக்குள் காலை வைத்தால் 50-க்குக் கீழே ஃபெயில், 75 வந்தால் டிஸ்டிங்ஷன். 18 வயதுப் பிள்ளை டிசம்பரில் ஒரு கோலால் அளக்கப்பட்டுவிட்டு பிப்ரவரியில் வேறு கோலுக்கு முன்னால் நிற்கிறான். எங்கள் பாடத்தில் 62 என்பது நல்ல மார்க். அவனுக்கு அது தோல்வி மாதிரி இருக்கிறது, வீட்டில் அவமானம் மாதிரி இருக்கிறது.

எங்கள் ஊர்க் கோல் இன்னொரு தினுசு. 35 எடுத்தால் பாஸ், அடிஷனல் ஷீட் எத்தனை வாங்கினாய் என்பதுதான் அறிவுக்கு அத்தாட்சி. பக்கத்தை எண்ணி மார்க் போடுகிறார்கள் என்று நம்பி, கையெழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு ஐந்து வார்த்தை எழுதிய தலைமுறை நான்.

இன்னொரு விஷயத்தையும் இந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. எங்கள் பாடம் 16 கிரெடிட், அதாவது 160 மணி நேரம். வாரத்துக்கு மூன்று விரிவுரை, ஒரு டுடோரியல் என்று பருவம் முழுக்கக் கூட்டினாலும் 50 மணி நேரத்தைத் தாண்டாது. மீதி 110 மணி நேரம் அவர்களாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. டைம்டேபிளில் அதற்குக் கட்டம் கிடையாது, அதனால் அது ஓய்வு நேரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த 38-இல் கொஞ்சம் இந்த 110-க்குள் கிடக்கிறது என்று தாத்தாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சனி ஞாயிறு கடையில் பில் போட்டுவிட்டு, தினமும் இரண்டு மினிபஸ் டாக்ஸி (நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி) மாறி வருகிற பிள்ளையிடம் இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது.

உளவியல் என்ற பெயரே பாதி வினை. முதல் வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்பேன். பாதிப் பேர் எதிரே இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுத் தருவோம் என்று வந்திருப்பார்கள். கிளி ஜோசியத்துக்குப் பட்டம் கொடுக்கிற இடம் என்று நினைப்பு. மூன்றாவது வாரம் நியூரானும் ஆய்வு முறைகளும் புள்ளியியலும் வந்து நிற்கும்போது முகம் வாடிவிடும். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வுண்ட் என்பவர் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் திறந்ததிலிருந்து இந்தத் துறை அளந்து பார்க்கிற துறையாகத்தான் இருந்து வருகிறது என்று நான் சொல்வது அந்த நேரத்தில் யார் காதிலும் விழாது.

சரி, 62-க்கு வருவோம். போன பருவத்தில் கட்டுரைத் தலைப்பு பயம் பற்றியது. பயம் எப்படிக் கற்றுக்கொள்ளப்படுகிறது: இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருவதால் பழகுகிறது என்று பாவ்லவ் சொல்வது பொருந்துமா, செய்ததற்குக் கிடைக்கிற பலனால் பழகுகிறது என்று ஸ்கின்னர் சொல்வது பொருந்துமா, வாதிடு. 1,500 வார்த்தை. 61 கட்டுரைகள் என் சமையலறை மேசைக்கு வந்தன. முக்கால்வாசியில் நாய், மணி, எச்சில்: மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கினால் பிறகு மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாவ்லவின் சோதனை. பாவ்லவின் நாய்க்கு அத்தனை தடவை ஊறியிருந்தால் பாவம், நாக்கு வறண்டு செத்தே போயிருக்கும்.

நடுவில் ஒரு கட்டுரை. ஒரு பெண் தன் கதையை எழுதியிருந்தாள். சின்ன வயதில் மினிபஸ் டாக்ஸி விபத்தில் சிக்கியவள். இப்போதும் தெருவில் டாக்ஸி ஹாரன் கேட்டால் வயிறு இறுகுகிறதாம். ஹாரன் எது, அடி எது, எதனோடு எது சேர்ந்து பயமானது என்று பிசிறில்லாமல் பிரித்திருந்தாள். அதோடு விடவில்லை. அதற்குப் பிறகு டாக்ஸியில் ஏறாமல் நடந்தே பள்ளிக்குப் போனதால்தான் பயம் போகாமல் தங்கிவிட்டது, இதைப் பாவ்லவை வைத்துச் சொல்ல முடியாது, ஸ்கின்னர் வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஆங்கிலம் மட்டும் தடுக்கி விழுந்துகொண்டே வந்தது. வீட்டில் ஜுலு பேசுகிற பிள்ளை என்று வாக்கிய அமைப்பிலேயே தெரிந்தது. மேற்கோள் காட்டியவிதமும் அரைகுறை. 56 போட்டேன்.

அடுத்த கட்டுரையின் ஆங்கிலம் வெண்ணெய். நல்ல பள்ளியில் படித்த கை. ஒவ்வொரு பத்தியும் அழகாக ஆரம்பித்து அழகாக முடிந்தது. 64 போட்டேன்.

அடுப்பில் பால் பொங்கியது. அதை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அந்த 64-இல் வாதம் என்று ஒரு வரியாவது இருந்ததா? திரும்பப் படித்தேன். இல்லை. இரண்டு கோட்பாடுகளையும் வரையறுத்துவிட்டு, இரண்டுமே முக்கியம் என்று முடித்திருந்தது. கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திக்கும் கும்பிடு போடுகிற மாதிரி.

ஒரு குணம் பளபளப்பாக இருந்தால் மற்றதும் அப்படியே இருக்கும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. படை அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களை மதிப்பிடும்போது உடற்கட்டு, புத்தி, தலைமைத் திறன் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தூக்கியோ இறக்கியோ போட்டுவிடுகிறார்கள் என்று தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இலேயே எழுதி வைத்தார். ஒளிவட்ட விளைவு என்று நான் வகுப்பில் நடத்துகிற பாடம் அது. நடத்திய வாரமே அதில் நானே விழுந்தேன். மார்க் திட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக மறுபடி திருத்தினேன். அவளுக்கு 67, அவனுக்கு 55. அன்றைக்கு ராத்திரி அதற்கு முன்னால் திருத்தியிருந்த 23 கட்டுரைகளையும் திரும்ப எடுத்தேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

இந்த நோய் எனக்கு மட்டுமில்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல். 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். மார்க் தாறுமாறாக வந்தது. ஆங்கிலம் என்றால் ஆளுக்கு ஒரு ரசனை, கணக்கு என்றால் அப்படி வராது என்றார்கள். அடுத்த வருடம் ஜியோமெட்ரி விடைத்தாள் ஒன்றை அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு 28-இலிருந்து 95 வரைக்கும் வந்தது. தாத்தா, அந்த 38-இல் இன்னும் கொஞ்சம் எங்கள் கையில் இருக்கிறது.

இதற்கு மருந்து, மார்க்கை எல்லோருக்கும் கொஞ்சம் ஏற்றிவிடுவது என்று சில நல்ல மனசுக்காரர்கள் சொல்கிறார்கள். "பாவம், முதல் வருடம்தானே, 47-ஐ 50 ஆக்கு" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. இந்த நாட்டில் இதைச் சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. வெர்வூர்ட் என்றால் நிறவெறியைச் சட்டமாக்கிக் கட்டியவர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர் உளவியல் டாக்டர் என்பது என் மாணவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1924-இல் ஸ்டெல்லன்போஷில் பட்டம் வாங்கி, அங்கேயே உளவியல் பேராசிரியராகவும் இருந்தவர். அவர் அமைச்சராக இருந்தபோது வந்ததுதான் 1953-இன் பாண்டு கல்விச் சட்டம். ஒரு கறுப்பினப் பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்த்தால் போதும் என்று அரசாங்கம் எழுதி வைத்த சட்டம். இந்தியப் பிள்ளைகளுக்கு 1965-இல் தனியாக ஒரு சட்டம் வந்தது. இப்போது எழுபது வயதில் இருக்கிற இந்த ஊர்க்காரர்கள் அதன் கீழே படித்தவர்கள். அகப்பையோடு நின்றவரும்தான். குறைவாக எதிர்பார்ப்பது கருணை என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த உளவியல் டாக்டர்.

எதிர்பார்ப்புக்கு உண்மையிலேயே எவ்வளவு பலம் என்பதும் சர்ச்சைதான். 1968-இல் வெளியான ஓர் ஆய்வில் ரோசன்தால், ஜேக்கப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் மலரப் போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் சில பேரைக் காட்டினார்கள். உண்மையில் அது குலுக்கல் முறையில் எடுத்த பட்டியல். அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே முன்னேறினார்கள், முக்கியமாக ஒன்றாம் இரண்டாம் வகுப்பில். பிறகு அந்த ஆய்வை ஆளாளுக்குக் கிழித்தார்கள். மேல் வகுப்புகளில் அவ்வளவாக ஒன்றும் தெரியவில்லை. ஆகவே "உன்னால் முடியும்" என்று முதுகில் தட்டினால் 62 எழுந்து 75 ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை.

நான் கேட்பது இதைவிடச் சின்ன விஷயம். கோலைக் காட்டு. எங்கள் பாடக் கையேடு 34 பக்கம், அதில் மார்க் பிரிப்பு 19-ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. டுடோரியலுக்கு ஒழுங்காக வராவிட்டால் டி.பி. என்கிற பரீட்சை எழுதும் தகுதி கிடைக்காது, டி.பி. இல்லாவிட்டால் பரீட்சை ஹாலுக்குள்ளேயே விட மாட்டார்கள் என்பது அதற்கும் அடுத்த பக்கத்தில். எத்தனை பிள்ளைகள் அக்டோபரில் வந்துதான் "டி.பி.ன்னா என்ன மேடம்?" என்று கேட்கிறார்கள் தெரியுமா? முதல் வாரமே 48 வாங்கிய கட்டுரை, 62 வாங்கியது, 76 வாங்கியது மூன்றையும் பெயரை மறைத்துக் கையில் கொடுத்து, எதற்கு ஏன் அந்த மார்க் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன என்று போன வருடக் கூட்டத்தில் கேட்டேன். "ஊட்டி விடக் கூடாது" என்று பதில் வந்தது. சாதம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கும் ஊட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, தமிழில்தான் வந்தது, அதனால் அடக்கிக்கொண்டேன்.

தாத்தா பதறுவதையும் நான் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இங்கே உளவியலாளராக வேண்டுமென்றால் மூன்று வருடப் பட்டம் போதாது. ஹானர்ஸ் என்கிற நாலாவது வருடம் வேண்டும், அதற்கு மேல் மாஸ்டர்ஸ் வேண்டும், மாஸ்டர்ஸில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எடுப்பது ஒரு கைப்பிடிப் பேரை. ஹானர்ஸ் வாசலிலேயே 60, 65 என்று கேட்பார்கள். ஆக 62 நல்ல மார்க்தான், ஆனால் விளிம்பில் நிற்கிற நல்ல மார்க். இதைப் பேரனிடம் யாராவது சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அவன் தாத்தா என்னிடம் கேட்டிருக்க மாட்டார்.

அடுத்த வாரம் புதுப் பருவம். கூட்டத்தில் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் என்ன, என் குழுவில் நான் செய்யலாம். பழைய மாணவர்களின் தாளைக் காட்ட அனுமதி இல்லை என்பதால் மூன்று கட்டுரைகளையும் நானே எழுத உட்கார்ந்தேன். 76 எழுத இரண்டு ராத்திரி ஆனது. 62 ஒரு சாயங்காலம். 48-க்குத்தான் கை வரவே இல்லை, வேண்டுமென்றே மோசமாக எழுதினால் அது போலியாகவே நின்றது. கடைசியில் பரண் மேலிருந்த பெட்டியை இறக்கி, மதுரையில் முதல் வருடம் நான் எழுதிக் கொடுத்த அசைன்மென்ட்டைத் தேடி எடுத்தேன். 14 பக்கம், ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கடைசியில் "மிக நன்று". மார்க் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துத் திருத்தினேன். 46 வந்தது.