டவர் சுரங்கத்தை விட்டுவிட்டீர்களே

தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்கள் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் பிளேனாவனின் பிக் பிட்டை ஒரே வரியில் தாண்டியது சரியில்லை. 1980-ல் மூடி, 1983-ல் பார்வையாளர்களுக்குத் திறந்த சுரங்கம் அது. இறங்குமுன் கைபேசி, பேட்டரிக் கடிகாரம், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வாயு வெடிக்க ஒரு பொறி போதும். 1913-ல் அதே தெற்கு வேல்ஸின் செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் இறந்தது வெடிப்பில்தான். பிக் பிட்டில் கூண்டில் 90 மீட்டர் இறங்கினால், நிலக்கரி வண்டி இழுத்த குதிரைகளின் பழைய லாயம். தலைவிளக்கை அணைத்தால் சொந்தக் கையே தெரியாது. பாவம், அந்தக் குதிரைகள் அங்கேயேதான் கிடந்தன.

அப்புறம், டவர் சுரங்கம்! பணிநீக்கப் பணத்திலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு, தொழிலாளர்களே 1995-ல் வாங்கி 2008 வரை நடத்தினார்கள். அதற்கு முன் அரசு நிலக்கரி நிறுவனம் 'லாபமில்லை' என்று சொல்லி மூடிய சுரங்கம் அது. இதை எப்படி மறந்தீர்கள்?