சாம்பலுக்குள் உறங்கிய தெய்வம்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயம் ஒன்றில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். இரவுச் சோறு முடிந்ததும் அப்பாயி அடுப்பை அணைக்க மாட்டார். கங்குகளை ஓரமாகக் கூட்டி, மேலே சாம்பலைத் தள்ளி மூடுவார். விடியற்காலை அதைக் கிளறி, இரண்டு மிலாறு வைத்து ஊதினால் தீ எழுந்துவிடும். தோட்டத்துக் காலை ஆள்கணக்கான பெரட்டுக்கு முன்னால் ரொட்டி சுட்டாக வேண்டுமே. நெருப்புக்குச்சியை மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பிறகுதான் கபியாவைப் பற்றிப் படித்தேன். 1387இல்தான் கிறிஸ்தவத்துக்கு மாறிய லித்துவேனியாவின் அடுப்புத் தெய்வம் அவள். அங்கும் வீட்டுப் பெண்தான் இரவில் கங்குகளைச் சாம்பலால் மூடுவாள். தீயைப் படுக்கவைப்பதாக அதற்குப் பொருள். கபியா குளிப்பதற்கென்று பக்கத்தில் சுத்தமான தண்ணீர் வைப்பாள், உப்புப் படைப்பாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தீத் தெய்வம் என்றால் நமக்கு எரிக்கிற தெய்வமே நினைவுக்கு வருகிறது. மாசியில் காமன் பொட்டலில் மன்மதனைச் சாம்பலாக்கும் நெற்றிக்கண், மாரியம்மன் கோயில் பூக்குழி. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. பூக்குழி முன் நின்றால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஹவாயின் கிலாவேயா எரிமலையில் குடியிருக்கும் பெலேயும், பிறக்கும்போதே தாயைச் சுட்டுக் கொன்ற ஜப்பானியரின் ககுட்சுச்சியும் இந்த வரிசைதான். ஆனால் என் மனம் சாய்வது வீட்டோடு இருக்கும் தீயின் பக்கம். கிரேக்கரின் ஹெஸ்தியாவுக்குப் போரும் இல்லை, காதலும் இல்லை, சொல்லிக்கொள்ளக் கதையே அதிகம் இல்லை. அடுப்பில் இருந்தாள். படையலில் முதல் பங்கு அவளுக்குத்தான். ஜப்பானின் பழங்குடிகளான ஐனு மக்களின் வேண்டுதல்கள் மற்றத் தெய்வங்களைச் சென்றடைவதும் அடுப்பில் வாழும் பாட்டி காமுய் ஃபுச்சி வழியாகத்தான். நம் அக்னி அவியைச் சுமந்து போவதைப் போல.

ரோமர் இரண்டு தீயையும் பிரித்து வைத்தார்கள். அடுப்புத் தெய்வம் வெஸ்தாவின் கோயில் நகரின் நடுவில் இருந்தது. உள்ளே சிலை இல்லை, அணையாத தீ மட்டும். 6 கன்னியர் ஆளுக்கு 30 ஆண்டுகள் அதைக் காத்தார்கள். எரிக்கும் தீயின் தெய்வம் வல்கனின் கோயிலையோ மதிலுக்கு வெளியே கட்ட வேண்டும், அப்போதுதான் வீடுகளுக்குத் தீப்பயம் இராது என்று அவர்களுடைய கட்டடக்கலை ஆசிரியர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்களைக் கோத்துவைத்த லயத்தில் வல்கனை எங்கே வெளியே நிறுத்துவது? எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மேல் லயம் எரிந்தது. ஒரு காம்பராவில் பிடித்த தீ, கூரையோடு ஓடிக் கடைசி வீடு வரை தின்றது. மறுநாள் அந்தச் சனங்கள் கோயில் மண்டபத்துப் பின்னால் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தார்கள். முதல் நெருப்பு எங்கள் வீட்டிலிருந்து போனது. அப்பாயி சாம்பலைக் கிளறி, பழைய தகர டின்னில் கங்குகளை அள்ளிக் கொடுத்தார். முந்தின இரவு முழுக்கத் தீயைப் பார்த்து அலறிய பெண்கள் அந்த டின்னை இரண்டு கைகளாலும் வாங்கினார்கள். தீயைத் தெய்வம் என்பதில் எனக்கு அன்று முதல் சந்தேகம் இல்லை.

அந்தத் தெய்வத்துக்கு எங்கள் லயத்தில் பெயர் இல்லை. சாம்பலால் மூடும்போது அப்பாயியின் உதடுகள் அசையும். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. உங்கள் வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் இன்றிரவே கேளுங்கள். கேட்டதைக் கீழே எழுதுங்கள், ஒரு சொல்லாக இருந்தாலும்.